நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நிலநடுக்கம் எங்கே வந்தாலும் முதல் வாரம் முழுக்க டிவியில் இடிபாடுதான். ஒரு குழந்தையை வெளியே தூக்குகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள், கேமரா அங்கேயே நின்றுவிடுகிறது. ஆம்புலன்ஸ் கதவை மூடிய பிறகு என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. அதனாலோ என்னவோ, ஏன் காலை எடுத்தார்கள், ஏன் தையல் போடாமல் விட்டார்கள், உயிரோடு மீட்ட ஆள் எப்படி இறந்தார் என்ற கேள்விகள் ஒவ்வொரு முறையும் திரும்ப வருகின்றன. அவற்றுக்குத்தான் இந்தப் பக்கம். ஒருவருக்கு என்ன சிகிச்சை என்பதை அவரைப் பார்க்கிற மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும், இங்கே இருப்பது பொதுவான விளக்கம் மட்டுமே.

எந்த மாதிரிக் காயங்கள் அதிகம் வரும்?

கை, கால். அதிலும் கால்தான் அதிகம். தலையிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் பலமாக அடிபட்டவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதே இல்லை என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். அதனால் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இரண்டே நாளில் அது எலும்பு முறிவு மருத்துவமனை மாதிரி ஆகிவிடுகிறது. எலும்பு வெளியே தெரியும் முறிவுகள், மண்ணும் சிமெண்ட் தூளும் உள்ளே அப்பிய காயங்கள், இடுப்பெலும்பு முறிவு, முதுகெலும்பு முறிவு.

இன்னொன்று, முதலில் வருகிறவர்கள் நிலை மோசமானவர்கள் அல்ல. நடக்க முடிந்தவர்களும், சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வர ஆள் இருப்பவர்களும்தான் முதலில் வருகிறார்கள். சிராய்ப்பும் சின்ன வெட்டுமாக வாசல் நிரம்பிய பிறகுதான் இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் வரத் தொடங்குவார்கள். இது தெரியாத மருத்துவமனை முதல் இரண்டு மணி நேரத்திலேயே எல்லாப் படுக்கைகளையும் கொடுத்துவிட்டு அப்புறம் கையைப் பிசையும்.

உயிரோடு, பேசிக்கொண்டே வெளியே வந்தவர் சற்று நேரத்தில் இறந்துபோனார் என்கிறார்களே, அது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொடை மேல் ஒரு தூண் மணிக்கணக்கில் கிடக்கிறது. அடியில் இருக்கும் தசைக்கு ரத்தம் போகாமல் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தூண் இருக்கும் வரை, செத்த தசையிலிருந்து கசிவது பெரும்பாலும் அங்கேயே தேங்கியிருக்கும். தூணைத் தூக்கியதும் ரத்தம் மறுபடி ஓட, தேங்கிக்கிடந்த பொட்டாசியமும் தசைப் புரதமும் உடல் முழுக்கப் பரவுகின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். அதில் தப்பித்தாலும், தசைப் புரதம் போய் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும், பிறகு போகாமலே நின்றுவிடும். இதை நசுங்கல் நோய்க்குறி என்கிறார்கள். 1941-ல், லண்டன் மீது குண்டு வீசப்பட்ட காலத்தில், இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டவர்களைப் பார்த்து பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள்.

இதற்கு முதல் சிகிச்சை ஆபரேஷன் இல்லை, சலைன். அதுவும் ஆளை வெளியே எடுத்த பிறகு இல்லை, எடுப்பதற்கு முன்பே. கிடைக்கிற ஒரு கையில் ஊசி குத்தி, பெரியவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு ஒரு லிட்டர் அளவில், அதற்கு மேலும் மீட்பு நீண்டால் வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து ஏற்றச் சொல்கிறார்கள். சாதாரண உப்பு சலைன்தான். வழக்கமாகக் கைக்கு வரும் இன்னொரு வகைச் சலைனான ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் கொஞ்சம் பொட்டாசியம் இருப்பதால் இங்கே அதைத் தவிர்க்கிறார்கள்.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும்? 1999 ஆகஸ்ட் 17-ல் துருக்கியின் மர்மரா பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு பதிவானது, அதில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே நாட்டில் 2003-ல் பிங்கோல் என்ற ஊரில் வந்த சிறிய நிலநடுக்கத்தில் சலைனை முன்கூட்டியே ஏற்றினார்கள். நசுங்கல் பாதிப்போடு வந்த 16 பேரில் டயாலிசிஸ் தேவைப்பட்டது 4 பேருக்குத்தான். சின்ன எண்ணிக்கைதான், இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த 16 பேருக்குள்ளேயே, சலைன் தாமதமாகக் கிடைத்தவர்கள்தான் டயாலிசிஸ் வரை போனார்கள்.

நிலநடுக்கத்துக்கு எதற்கு டயாலிசிஸ் மெஷின்?

மேலே சொன்னதற்குத்தான். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் வந்த நிலநடுக்கத்தின்போது நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டு, மெஷின்களும் ஆட்களும் வெளிநாடுகளிலிருந்து ஒழுங்கில்லாமல் வந்து குவிந்தன. அந்தக் குழப்பத்தைப் பார்த்த பிறகுதான் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் இதற்கென்றே ஒரு பேரிடர்க் குழுவை அமைத்தது. இதில் நிம்மதியான விஷயம் ஒன்று உண்டு. உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும், ஆயுள் முழுக்க டயாலிசிஸ் தேவைப்படாது.

வீங்கிய காலைப் பிளந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் செய்ய வேண்டாமா?

வேண்டாம். தசை இன்னும் உயிரோடு இருக்கும்போது, வீக்கத்தால் ரத்த ஓட்டம் அடைபடத் தொடங்கிய உடனே செய்தால் அந்த ஆபரேஷன் காலைக் காப்பாற்றும். ஒரு நாளுக்கு மேல் நசுங்கிக் கிடந்து தசை ஏற்கெனவே செத்துவிட்டிருந்தால், பிளப்பது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரிதான். மூடியிருந்த காயம் திறந்த காயமாகி, சீழ் பிடித்து, கடைசியில் காலோடு உயிரும் போன கதைகள் பல நிலநடுக்கங்களில் உண்டு. எப்போது பிளப்பது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம் இருக்கிறது.

காயத்தைத் தைக்காமல் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அலட்சியமா?

இல்லை, அதுதான் சரியான வேலை. இதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இடிபாட்டுக் காயம் வெளியே பார்ப்பதைவிட உள்ளே ஆழமானது. மண், துணி நூல், மரத்துண்டு எல்லாம் தசைக்குள் போயிருக்கும், சுற்றிலும் செத்த சதை இருக்கும். அதை மேலே அழகாகத் தைத்து மூடினால் உள்ளே காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. போர்க்கள அறுவை சிகிச்சையிலிருந்து வந்த பழைய விதி இது: நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, செத்த சதையை வெட்டி எடு, திறந்தே வை, நாலைந்து நாள் கழித்துப் பார், சுத்தமாக இருந்தால் அப்போது தை. இல்லாவிட்டால் மறுபடி கழுவு. ஒரே காலுக்கு மூன்று நான்கு தடவை தியேட்டருக்குப் போவது சாதாரணம். சதை இல்லாத இடத்தில் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியிருக்கும், அது இன்னொரு தடவை. ஆக, ஒரு நோயாளிக்கு ஒரு ஆபரேஷன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரும் குழு இரண்டாவது வாரத்தில் திணறும்.

முதல் நாளில் அவசரமாகத் தைக்கப்பட்ட காயங்களைப் பிரித்துச் சீழை வடிப்பதே பின்னால் வரும் குழுக்களின் பெரிய வேலையாக இருந்திருக்கிறது.

எலும்புக்குள் கம்பியோ தட்டோ வைத்து ஒரே தடவையில் முடிக்கலாமே?

சுத்தமான தியேட்டர், ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்க எக்ஸ்-ரே, கிருமி நீக்கிய கருவிகள் எல்லாம் இருந்தால், மூடிய முறிவுக்கு அது நல்ல வழி. கூடாரத்தில், அழுக்கான திறந்த முறிவுக்கு அது ஆபத்து. உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி ஏறினால் எலும்பே அழுகும், வருடக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் தோலுக்கு வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கூண்டு மாதிரிப் பொருத்தியை முதலில் போடுகிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் எலும்பும் அசையாது, காயத்தையும் தினம் கழுவலாம். கம்பிக்குப் பதில் எடை தொங்கவிட்டு இழுத்துவைக்கும் பழைய முறையும் இன்னும் பயன்படுகிறது, ஆனால் ஆளை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருக்கும்.

கால் எடுப்பது அவ்வளவு சுலபமாக முடிவாகிறதா? காப்பாற்றியிருக்கலாமோ?

சில இடங்களில் சுலபமாக முடிவாகியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2010 ஜனவரி 12-ல் ஹெய்ட்டியில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு கை கால் எடுக்கப்பட்டவர்கள் 2,000 முதல் 4,000 பேர் வரை இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதில் பல உயிரைக் காப்பாற்றியவை. சில அவசியமே இல்லாதவை என்றும், தோல் எதுவும் மிச்சம் வைக்காமல் நேராக வெட்டியதால் மறுபடி மேலே வெட்டவேண்டி வந்தது என்றும் பின்னால் வந்த மருத்துவர்கள் குறை சொன்னார்கள். அந்த விமர்சனம்தான் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குத் தர விதிகள் வேண்டும் என்ற பேச்சுக்கு வேகம் கொடுத்தது.

நியாயமான காரணங்கள் என்ன? கால் முழுக்கச் செத்துவிட்டது, அழுகல் மேலே பரவுகிறது, ரத்தப்போக்கை வேறு வழியில் நிறுத்த முடியவில்லை, அல்லது அந்தச் செத்த கால் உடம்பையே விஷமாக்குகிறது. இதில் எதுவும் இல்லாமல் "காப்பாற்றினாலும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்பதற்காக எடுப்பதுதான் சங்கடமான இடம். ஆனால் சொல்லவேண்டும், அதுவும் சில நேரம் உண்மையான காரணமாக இருக்கிறது. ஏழெட்டு ஆபரேஷன் தேவைப்படும் காலை, இரண்டு வாரத்தில் கிளம்பிவிடப்போகும் குழு வெறுமனே கழுவிக் கட்டிவிட்டுப் போனால் அந்த ஆள் மூன்றாவது வாரம் ரத்தத்தில் கிருமி ஏறி இறக்கலாம்.

எப்படி இருந்தாலும் இரண்டு விஷயங்கள் பேரிடரிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. ஒன்று, நேரம் இருந்தால் இரண்டாவது மருத்துவர் ஒருவரும் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். இன்னொன்று, அந்த ஆளிடம் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதம் கிடைத்துவிட்டதாலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டதாக ஆகாது. வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து முந்தைய நாள்தான் வெளியே வந்த ஒருவரிடம், மொழிபெயர்க்கிறவர் வழியாக, ஐந்து நிமிடத்தில் கேட்கிற கேள்வி இல்லை அது.

மயக்க மருந்து எப்படிக் கொடுக்கிறார்கள், மெஷின் எல்லாம் இருக்குமா?

பெரும்பாலும் கெட்டமின். வலியையும் நினைவையும் எடுத்துவிடும், ஆனால் மூச்சை நிறுத்தாது, ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் கீழே தள்ளாது. மெஷின் இல்லாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து குறைவு. விழிக்கும்போது சிலர் பயங்கரக் கனவு கண்டு கத்துவார்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். கால் ஆபரேஷனுக்கு முதுகில் போடும் ஊசியும், கைக்கு நரம்பைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியும் உண்டு. அதிக ரத்தம் போனவருக்கு முதுகு ஊசி கூடாது, அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

மருத்துவமனையே இடிந்துவிட்டால்?

அடிக்கடி நடக்கிறது. 1985-ல் மெக்சிகோ நகரத்தில் ஹுவாரெஸ் மருத்துவமனையின் கோபுரம் சரிந்தது. 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் புஜ் நகரில் மாவட்ட மருத்துவமனை நோயாளிகளோடு நொறுங்கியது. 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரில் மருத்துவமனைகள் செயல்படாமல் போக, காயம்பட்டவர்களை விமானத்தில் மற்ற மாகாணங்களுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரி 6-ல் துருக்கியின் இஸ்கெண்டெருன் அரசு மருத்துவமனையின் ஒரு கட்டடம் விழுந்தது. அந்த ஊரில்தான் இந்திய ராணுவத்தின் 60-வது பாரா கள மருத்துவமனை போய் வேலை செய்தது.

கட்டடம் நின்றாலும் உள்ளே வேலை நடக்கும் என்று இல்லை. பின்னதிர்வுகள் வந்துகொண்டே இருக்கும், சுவரில் விரிசல் இருக்கும், நோயாளிகளே உள்ளே வரமாட்டார்கள். 2015-ல் காத்மாண்டு மருத்துவமனைகள் நோயாளிகளை முற்றத்திலும் வாகன நிறுத்தத்திலும் படுக்கவைத்ததற்கு இதுதான் காரணம். யோசித்துப் பாருங்கள், தொடை எலும்பைத் திறந்து வைத்திருக்கும்போது தரை ஆடுகிறது, நோயாளியை விட்டுவிட்டு ஓடவும் முடியாது.

இதற்குத் தீர்வு இருக்கிறது என்பதுதான் எரிச்சல். அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரப்பரும் ஈயமும் கலந்த திண்டுகளை வைத்தால் தரை ஆடுவதில் பெரும்பகுதி மேலே ஏறாது. புஜ் மருத்துவமனையை மறுபடி கட்டியபோது அப்படித்தான் கட்டினார்கள். துருக்கியிலும் இதே மாதிரி தரையின் ஆட்டம் மேலே ஏறாதபடி வேறு வகைத் திண்டுகள் வைத்தும் கட்டிய மருத்துவமனைகள், அடானா நகர மருத்துவமனை உட்பட, 2023-ல் தொடர்ந்து வேலை செய்தன.

வெளிநாட்டுக் குழுக்கள் வந்ததும் நிலைமை சரியாகிவிடும் அல்லவா?

அவர்கள் வருவது அவசியம்தான், ஆனால் எதற்கு வருகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். உயிர் காக்கும் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் முதல் ஒரு நாள் இரண்டு நாளிலேயே பிழைக்கிறார்கள் அல்லது இறக்கிறார்கள். அந்த நேரத்தில் கத்தியைப் பிடிப்பது உள்ளூர் மருத்துவர்கள், அதுவும் சொந்த வீடு இடிந்த நிலையில். ஹெய்ட்டியில் மிக வேகமாக வந்ததாகப் பாராட்டப்பட்ட இஸ்ரேலிய ராணுவக் கள மருத்துவமனையே நிலநடுக்கம் நடந்து 89 மணி நேரம் கழித்துத்தான் இயங்கத் தொடங்கியது. அதற்குள் நான்காவது நாள் ஆகிவிடுகிறது. அங்கிருந்து வேலை என்பது சீழ் பிடித்த காயங்களும், ஆறாத முறிவுகளும், தோல் ஒட்டுவதும்தான்.

உலக சுகாதார நிறுவனம் இப்போது இந்தக் குழுக்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும். இரண்டாவது வகையில் குறைந்தது ஒரு ஆபரேஷன் மேஜை, 20 படுக்கை, ஒரு நாளில் 7 பெரிய ஆபரேஷனாவது செய்யும் திறன் வேண்டும். மூன்றாவதுக்கு இரண்டு மேஜை, 40 படுக்கை, 15 பெரிய ஆபரேஷன், தீவிர சிகிச்சைப் படுக்கைகளும். இவர்கள் தண்ணீர், மின்சாரம், சாப்பாடு எல்லாம் தாங்களே கொண்டுவர வேண்டும். பையில் கையுறையோடு தனியாக விமானம் ஏறி வரும் நல்ல மனசுக்கார டாக்டருக்குச் சோறும் படுக்கையும் தேடுவது அந்த ஊருக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1995 கோபே நிலநடுக்கத்தில் சாதாரண நாளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று கருதப்பட்டவர்கள் சுமார் 500 பேர். அதற்குப் பிறகு, 48 மணி நேரத்துக்குள் களத்தில் வேலை தொடங்கும்படி பயிற்சி பெற்ற உள்நாட்டுக் குழுக்களை 2005-ல் உருவாக்கினார்கள். என் கணிப்பில் எத்தனை கள மருத்துவமனை வந்தாலும் அதற்கு ஈடாகாது.

தண்ணீருக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு ஆபரேஷனுக்கு 100 லிட்டர் என்று மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் தர விதிகள் கணக்குச் சொல்கின்றன. கை கழுவ, காயம் கழுவ, கருவி கழுவ, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் நீராவிக்கு, ரத்தம் தோய்ந்த துணி துவைக்க, தரை துடைக்க. குழாய் உடைந்த ஊரில் ஒரு நாளில் 20 ஆபரேஷன் என்றால் 2,000 லிட்டர், வார்டுக்கு வேண்டியது தனி. ஆட்டோகிளேவ் நின்றால் எவ்வளவு பெரிய சர்ஜன் இருந்தாலும் தியேட்டர் நின்றது.

ரத்தம் கொடுக்க உடனே ஓடலாமா?

கேட்டுவிட்டுப் போங்கள். நிலநடுக்கத்தில் தேவைப்படும் ரத்தம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பாம் நிலநடுக்கத்தின்போது ஈரான் முழுக்க ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் கொடுத்தார்கள், அதில் கால்வாசிகூட மருத்துவமனைகளுக்குப் போகவில்லை. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம்தான் தாங்கும், ஒரே நாளில் எல்லோரும் கொடுத்துவிட்டால் அடுத்த சில மாதங்களுக்குக் கொடுக்க ஆள் இருக்காது. மறு ஆபரேஷன்கள் நடப்பதோ அப்போதுதான்.

டெட்டனஸ் ஊசி போட்டே ஆகவேண்டுமா?

ஆமாம், சின்னக் கீறலுக்கும். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதி நிலநடுக்கத்துக்குப் பிறகு 71 பேருக்கு டெட்டனஸ் வந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளிப்படும். சிறு வயதில் தடுப்பூசி போடாதவர்களுக்கு ஆழமான அழுக்குக் காயம் இருந்தால் தடுப்பூசியோடு சேர்த்து எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை.

மற்ற நோயாளிகள் என்ன ஆவார்கள்?

பிரசவம் நிற்காது, குடல்வால் வீங்குவது நிற்காது. சில நாட்களிலேயே சிசேரியனும் வழக்கமான அவசர ஆபரேஷன்களும் மறுபடி வரிசையில் நிற்கும். எலும்பு மருத்துவர்கள் மட்டும் நிறைந்த குழு அப்போது விழிக்கும்.

எல்லாம் முடிய எவ்வளவு காலம் ஆகும்?

வருடங்கள். எடுத்த காலின் நுனி ஆறி, சுருங்கி, செயற்கைக் கால் பொருத்த மாதக்கணக்கில் ஆகும். குழந்தையாக இருந்தால் எலும்பு வளர்ந்து நுனியைக் குத்தும், மறுபடி வெட்டவேண்டி வரும், செயற்கைக் காலையும் வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 2005 அக்டோபரில் காஷ்மீர் பகுதி நிலநடுக்கத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்கமுடியாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில், அதிலும் பெண்கள் அதிகம். அவர்களுக்கு ஆபரேஷனைவிடப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வதும், சிறுநீர்க் குழாய் மாற்றக் கற்றுக்கொடுப்பதும், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு வாசலும்தான் உயிர்.

கூட இருக்கும் உறவினராக நான் என்ன செய்யலாம்?

எழுதி வாங்குங்கள். நோயாளிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். 2008-ல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு 10,000-க்கும் மேற்பட்டவர்களை ரயிலிலும் விமானத்திலும் வேறு மாகாணங்களுக்கு மாற்றினார்கள். அடுத்த மருத்துவமனையில் இருப்பவருக்குக் கட்டைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருந்து, அடுத்து காயத்தை எப்போது திறந்து பார்க்கவேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, இவ்வளவும் ஒரு சீட்டில் வேண்டும். அதை உங்கள் போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் இல்லை என்று சொன்னால் மாவுக்கட்டின் மேலேயே மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். கள மருத்துவமனைகளில் எலும்பு எங்கே முறிந்தது என்று படம்கூட அதன் மேலேயே வரைந்துவிடுவார்கள்.